போன் கம்பெனி மறைத்துவைத்திருப்பதை வெளியிலிருந்து கணிக்க முடியுமா?

கேள்வி இதுதான்: ஒரு மொபைல் கம்பெனி யாருக்கும் சொல்லாமல் புதிதாக ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று செய்தி வருகிறது. அது என்னவென்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எதையாவது நம்பலாமா? வெளியில் இருக்கும் ஒருவர் உட்கார்ந்து யோசித்தே அதைக் கண்டுபிடித்துவிட முடியுமா?

ஓரளவு முடியும். ஒரு கருவி உருவாகிறது என்பதையும், ஏறக்குறைய எப்போது வரும், எவ்வளவு பெரிது என்பதையும் இன்று நன்றாகவே கணித்துவிடுகிறார்கள். தவறுவது வேறு இடத்தில்: அது எதற்காக, யாருக்காக என்பதில். துப்புக் கிடைக்காமல் தவறுவதில்லை. பெரும்பாலும் துப்பு எல்லாம் கண்ணெதிரேதான் கிடக்கும். தனக்கு என்ன வேண்டுமோ அதையே கம்பெனியும் செய்யப்போகிறது என்று நினைத்துக்கொள்வதால்தான் கணக்கு பிசகுகிறது. இதைப் பார்க்க 2007-ஐ விட நல்ல வருஷம் கிடையாது. கலிஃபோர்னியாவில், ஆப்பிள் இருக்கும் கூப்பர்டினோவும் சன்னிவேலும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஐந்து மாத இடைவெளியில் இந்த ஊருக்கு ஒன்றாக இரண்டு ரகசியங்கள் வெளியே வந்தன. ஒன்று ஐபோன். இன்னொன்று கடைக்கே வரவில்லை.

அந்தக் கடைக்கே வராததிலிருந்து தொடங்குகிறேன்.

சன்னிவேலில் இருந்தது பாம் கம்பெனி. இப்போது இருபது வயதில் இருப்பவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு. முகவரி, நாட்குறிப்பு, செய்யவேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொள்ளும் ஒரு கருவியை மக்கள் உண்மையிலேயே காசு கொடுத்து வாங்கும்படி செய்தவர்கள் அவர்கள்தான். 1996-ல் பைலட் என்ற பெயரில் அது வந்தது. அதற்கு முன் ஆப்பிள் நியூட்டன் என்ற கையடக்கக் கருவியோடு இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. 2000 மார்ச்சில் பாம் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே அதன் மதிப்பு தாய்க் கம்பெனியான த்ரீகாமின் மதிப்பையே தாண்டிவிட்டது. அவ்வளவு மவுசு.

இதைத் தொடங்கியவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். அவரைப் பற்றி ஒரு சம்பவம் பிரசித்தம். பைலட் உருவாகும் முன், சட்டைப்பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு அதை எங்கே போனாலும் கூடவே வைத்திருந்தார். யாராவது ஒரு சந்திப்புக்குத் தேதி கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, நூடுல்ஸ் சாப்பிடும் குச்சியை வெட்டிச் செய்த எழுதுகோலால் அதன்மேல் தட்டி, நாட்காட்டியைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வார். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் மரம். பையில் உறுத்துகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்கத் தோன்றுகிறது, எடுத்தால் முதலில் எதைப் பார்க்கத் தோன்றுகிறது என்பதெல்லாம்தான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. மனிதருக்குத் தொழில்நுட்பத்தை விட, தன் கைக்கு எது இடைஞ்சல் என்பதுதான் முக்கியம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

1998-ல் ஹாக்கின்ஸும் கூட்டாளிகளும் பாமை விட்டுப் போய் ஹேண்ட்ஸ்பிரிங் என்று வேறொரு கம்பெனி தொடங்கினார்கள். அங்கே ட்ரியோ என்ற போனைச் செய்தார்கள். 2003-ல் பாம் அந்தக் கம்பெனியையே தன்னோடு இணைத்துக்கொண்டது, ஹாக்கின்ஸும் திரும்பி வந்துவிட்டார். அதற்கு அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில்தான் அவர் பொதுவெளியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தார். பாமுக்குக் கையடக்க நாட்குறிப்பு ஒரு தொழில், ஸ்மார்ட்போன் இரண்டாவது தொழில். மூன்றாவதாக ஒன்று வருகிறது, ஆனால் அது என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன். அதோடு இன்னொரு கேள்வியையும் போட்டுவிடுவார்: எல்லோர் பையிலும் வேகமான இன்டர்நெட்டும் ஏராளமான நினைவகமும் இருக்கும் காலம் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போதாதா? ஊகங்கள் கிளம்பின. டேப்லெட் என்றார்கள். படம் பார்க்கும் கருவி என்றார்கள். போனுக்குள்ளேயே முழு கம்ப்யூட்டரையும் அடக்கப் போகிறார் என்றார்கள். ஹாக்கின்ஸ் அப்போது நியூமென்டா என்ற இன்னொரு கம்பெனியில் மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற ஆராய்ச்சியிலும் இருந்தார். அதையும் இதோடு முடிச்சுப்போட்டு, தானாகவே சிந்திக்கும் போன் வருகிறது என்றவர்களும் உண்டு.

ஹாக்கின்ஸ் பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த நேரத்தில் பாமின் நிலைமை என்ன என்று மட்டும் பார்ப்போம். நாட்குறிப்புக் கருவிகளின் விற்பனை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருந்தது. சோறு போட்டது ட்ரியோ மட்டும். அந்த ட்ரியோவையும் பெரும்பாலும் நெட்வொர்க் கம்பெனிகள்தான் விற்றன. அமெரிக்காவில் அவர்கள் தலையசைக்காமல் ஒரு போனும் பெரிதாக விற்காது. சரி, மென்பொருளாவது கைவசம் இருந்ததா? தன் கருவிகளை இயக்கும் மென்பொருளான பாம் ஓஎஸ்ஸை 2003-ல் தனிக் கம்பெனியாகப் பிரித்துவிட்டிருந்தார்கள். 2005-ல் ஜப்பானின் ஆக்செஸ் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. 2006 டிசம்பரில், தான் எழுதிய பழைய மூலநிரலைத் தானே பயன்படுத்தும் உரிமைக்காக பாம் ஆக்செஸுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. சொந்த வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பவர் நிலைமைதான்.

ஆக, அந்த மூன்றாவது கருவிக்கு சில நிபந்தனைகள் தாமாகவே வந்துவிடுகின்றன. நெட்வொர்க் கம்பெனியின் தயவு தேவைப்படக் கூடாது என்றால், அதில் சிம் இருக்காது. பாம் ஓஎஸ்ஸை நம்ப முடியாது என்றால், கையில் இலவசமாகக் கிடைப்பது லினக்ஸ் என்ற இயக்க மென்பொருள். வாங்கப்போவது யார்? ஏற்கெனவே ட்ரியோ வைத்திருப்பவர்கள்தான், பாமிடம் இருந்த ஒரே சொத்து அவர்கள். ட்ரியோக்காரர்களின் குறை என்ன? திரை சின்னது, கீபோர்டில் பொத்தான்கள் கடுகளவு, நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுத முடியவில்லை. இங்கேதான் மரக்கட்டை ஞாபகம் வரவேண்டும். ஹாக்கின்ஸ் தன் சொந்த இடைஞ்சலிலிருந்து தொடங்குகிற ஆள். எல்லாவற்றையும் கூட்டினால் வருவது இது: சிம் இல்லாத, லினக்ஸில் ஓடும், ட்ரியோவோடு சேர்ந்து வேலை செய்யும் ஒரு பெரிய திரையும் கீபோர்டும்.

பின்னால் நின்று பார்த்துச் சொல்வது சுலபம் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். ஆனால் மேலே சொன்ன ஒவ்வொன்றும் அன்றைக்கே செய்தியில் வந்த விஷயம். ரகசியம் எதுவும் அதில் இல்லை. கனவு காண்பது சுவாரஸ்யமாக இருந்ததால் கணக்குப் பார்க்கப் பலருக்குத் தோன்றவில்லை.

2007 மே 30, கார்ல்ஸ்பாடில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் ஹாக்கின்ஸ் அதைக் காட்டினார். பெயர் ஃபோலியோ. பார்த்தால் குட்டி லேப்டாப். 10 அங்குலத் திரை, முழு அளவுக் கீபோர்டு, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடை, லினக்ஸ். ஹார்டு டிஸ்க் கிடையாது. பொத்தானை அழுத்தியதும் உடனே விழித்துக்கொள்ளும். பேட்டரி ஐந்து மணி நேரம் வரை. புளூடூத் வழியாக ட்ரியோவோடு ஒட்டிக்கொள்ளும்: போனுக்கு வந்த மின்னஞ்சலை இங்கே பெரிதாகப் படித்து, இங்கேயே பதில் அடித்தால், அது போன் வழியாகப் போய்ச் சேரும். விலை 599 டாலர், ஆரம்பத் தள்ளுபடி போக 499. தான் இதுவரை வேலை செய்ததிலேயே மிகவும் உற்சாகம் தந்த கருவி இதுதான் என்றார் ஹாக்கின்ஸ்.

கேட்டவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. இந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் லேப்டாப்பே வாங்கிவிடலாமே, இது போனும் இல்லை லேப்டாப்பும் இல்லையே என்றார்கள். ஆகஸ்டில் எங்கேட்ஜெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் பாமுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதியது. செப்டம்பர் 4 அன்று தலைமை நிர்வாகி எட் காலிகன், ஃபோலியோவைக் கைவிடுகிறோம், இனி ஒரே மென்பொருள் தளத்தில் கவனம் செலுத்தப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார். இதனால் நஷ்டமாகக் கணக்கில் எழுதித் தள்ளவேண்டி வந்த தொகை 1 கோடி டாலருக்குள்தான். வருஷக்கணக்காக ஊதிய பலூனுக்கு அது சின்னத் தொகை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபோலியோ அறிவிக்கப்பட்ட அடுத்த சில நாட்களில், தைவானில் அசூஸ் கம்பெனி ஈபிசி என்ற குட்டி லேப்டாப்பைக் காட்டியது. 7 அங்குலத் திரை, லினக்ஸ், ஹார்டு டிஸ்க் இல்லை. அந்த அக்டோபரில் கடைக்கு வந்து நன்றாக விற்றது. இந்த வகைக் குட்டி லேப்டாப்புக்கு நெட்புக் என்று பெயர். 2008 முழுக்க நெட்புக், நெட்புக் என்றுதான் பேச்சு. ஹாக்கின்ஸின் பெட்டி கிட்டத்தட்ட சரி, காரணம்தான் தப்பு. போனுக்குத் துணை என்று விற்றதற்குப் பதில், சின்ன மலிவான கம்ப்யூட்டர் என்று விற்றிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம் என்பது என் எண்ணம். கருவியைச் செய்தவருக்கே அது எதற்கு என்பதில் குழப்பம் இருந்தால், வெளியில் இருந்து ஊகிப்பவர் என்ன செய்வார் பாவம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு ஐபோனுக்குப் போகிறேன். ரகசியத்தைக் காப்பாற்றும் கம்பெனி வேறு, தன்னிடம் ரகசியம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் கம்பெனி வேறு. முதல் வகைக்கு வலுவான வியாபாரக் காரணம் உண்டு. பாமே அதில் அடிபட்டது. 2001 மார்ச்சில் எம்500 என்ற புது நாட்குறிப்புக் கருவி வரிசையை, கையில் சரக்கு தயாராகும் முன்பே அறிவித்துவிட்டார்கள். புதுசு வரப்போகிறது என்று தெரிந்ததும் பழையதை யாரும் தொடவில்லை. புதியதும் சொன்னபடி வந்து சேரவில்லை. தேங்கிப்போன சரக்குக்காக 25 கோடி டாலருக்கு மேல் கணக்கில் எழுதித் தள்ளினார்கள். வாயைத் திறந்ததற்கு விலை அது. அப்படி அடிபட்ட அதே கம்பெனி நாலைந்து வருஷத்தில் மூன்றாவது தொழில், மூன்றாவது தொழில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது என்றால், பேச்சு வாடிக்கையாளருக்கானது இல்லை, முதலீட்டாளருக்கானது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். எங்களிடம் இன்னும் சரக்கு இருக்கிறது, விட்டுப் போய்விடாதீர்கள் என்ற வேண்டுகோள். கம்பெனியின் பெரிய ஆளே வாயெடுத்து ரகசியம் இருக்கிறது என்றால், என் எதிர்பார்ப்பை நான் உடனே பாதியாகக் குறைத்துக்கொள்வேன்.

ஐபோன் விஷயம் நேரெதிர். ஆப்பிள் வாயே திறக்கவில்லை, ஆனால் ஆப்பிள் போன் செய்கிறது என்பது 2006 முடியும்போது கிட்டத்தட்ட ஊரறிந்த ரகசியம். ஐபோன் டாட் ஆர்க் என்ற இணைய முகவரியை ஆப்பிள் 1999-லேயே பதிவு செய்து வைத்திருந்தது. 2005 செப்டம்பரில் மோட்டரோலாவோடு சேர்ந்து ரோக்கர் என்று ஒரு போன் வந்தது. ஐட்யூன்ஸ் பாட்டு கேட்கலாம், ஆனால் 100 பாட்டுக்கு மேல் ஏற்ற முடியாது. இவ்வளவு அரைகுறையான ஒன்றோடு ஆப்பிள் நின்றுவிடாது என்று யாரும் ஊகிக்கலாம். 2006-ல் ஓஷன் டெலிகாம் சர்வீசஸ் என்று யாருக்கும் தெரியாத, ஆப்பிளின் முகமூடி என்று கருதப்பட்ட ஒரு கம்பெனி, அமெரிக்காவில் ஐபோன் என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பித்தது. அதே விண்ணப்பம் அதற்கு ஆறு மாதம் முன்பே டிரினிடாட் தீவில் போடப்பட்டிருந்தது. ஏன் டிரினிடாட்? சர்வதேச ஒப்பந்தப்படி ஒரு நாட்டில் போட்ட தேதியை ஆறு மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் காட்டிக்கொள்ளலாம். ஆகவே யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பதிவேட்டில் முதலில் போட்டுவிட்டு, கடைசி நேரத்தில் பெரிய நாட்டுக்கு வருவது வழக்கம். ஜமைக்காவும் இப்படிப் பயன்பட்டிருக்கிறது.

பெயர் மட்டும் தெரிந்தால் எப்படிக் கவிழலாம் என்பதற்கும் அந்த டிசம்பரே சாட்சி. திங்கட்கிழமை ஐபோன் வருகிறது, நான் உத்தரவாதம் தருகிறேன் என்று கிஸ்மோடோ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் ஒரு பதிவு வந்தது. சொன்னபடியே 2006 டிசம்பர் 18 திங்கட்கிழமை ஐபோன் வந்தது. ஆனால் அது சிஸ்கோவின் லிங்க்சிஸ் பிரிவு வெளியிட்ட இன்டர்நெட் டெலிபோன்! அந்தப் பெயரின் உரிமை சிஸ்கோவிடம்தான் இருந்தது. அடுத்த மாதம் ஆப்பிள் அதே பெயரில் போனை அறிவித்ததும் மறுநாளே சிஸ்கோ வழக்குப் போட்டது, பிப்ரவரியில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள்.

சரி, போன் வருகிறது என்று தெரிந்தது. எப்படி இருக்கும் என்று என்ன நினைத்தார்கள்? ரசிகர்கள் வரைந்த படங்களில் முக்கால்வாசி, ஆப்பிளின் பாட்டுக் கேட்கும் கருவியான ஐபாடின் வட்டச் சக்கரம் வைத்த போன். சிலதில் சக்கரத்தைத் தள்ளினால் அடியில் எண்கள். ஆப்பிளே நெட்வொர்க் சேவையும் மொத்தமாக வாங்கித் தன் பெயரில் விற்கப்போகிறது என்ற பேச்சும் பலமாக இருந்தது. 2007 ஜனவரி 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதலில் காட்டியது, பழைய காலத்துச் சுழற்றும் டெலிபோன் வட்டம் பொருத்திய ஐபாடின் படத்தை. கூட்டம் சிரித்தது. ஊகித்தவர்களைக் கிண்டல் செய்கிறார் என்று அன்று தோன்றியது. ஆனால் ஐபாடை உருவாக்கிய டோனி ஃபேடெல் முதலியவர்கள் பின்னாளில் சொன்னதைப் பார்த்தால், ஐபாட் சக்கரம் வைத்த போனை ஆப்பிளுக்குள்ளேயே ஒரு குழு உண்மையில் செய்து பார்த்திருக்கிறது. எண் அழுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதால் விட்டுவிட்டார்கள். அப்படியானால் ரசிகர்கள் முட்டாள்கள் இல்லை. கம்பெனி போய்த் திரும்பிய பாதையில் அவர்கள் நின்றுவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி தொடுதிரை. 2005-ல் ஆப்பிள், பல விரல் தொடுகையில் வேலை செய்துவந்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சின்னக் கம்பெனியை வாங்கியது. பல விரல் தொடுதிரை பற்றிய ஆப்பிளின் காப்புரிமை விண்ணப்பம் 2006-ல் பொதுப் பார்வைக்கு வந்தது. அமெரிக்காவில் விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் பொதுவாக வெளியிட்டுவிடுவார்கள். ஆக, ஐபோனின் இதயம் என்னவோ அது எட்டு மாதம் முன்பே அரசாங்கத் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. படித்தார்கள், எழுதினார்கள். ஆனால் அது டேப்லெட்டுக்கு என்றார்கள், இல்லையென்றால் படம் பார்க்கும் புது ஐபாடுக்கு என்றார்கள். போனோடு அதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு. இதிலும் ஒரு திருப்பம்: 2010-ல் ஜாப்ஸே ஒரு மேடைப் பேட்டியில், முதலில் டேப்லெட்டுக்காகத்தான் அந்தத் திரையைச் செய்யச் சொன்னேன், அதைப் பார்த்ததும் போன் செய்யலாம் என்று தோன்றியதால் டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டேன் என்று சொன்னார். டேப்லெட் என்று ஊகித்தவர்கள் ஆரம்பத்தில் சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள். கம்பெனி மனசு மாறியது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போட்டிக் கம்பெனிகளின் கணிப்பும் இதைவிடப் பிரமாதமாக இல்லை. 2006 நவம்பரில் பாமின் காலிகன், ஒரு நல்ல போன் செய்ய நாங்களே வருஷக்கணக்கில் திணறினோம், கம்ப்யூட்டர்காரர்கள் திடீரென்று உள்ளே வந்து சாதித்துவிட முடியாது என்ற பொருளில் பேசினார். அதே மேசையில் அப்போது ஃபோலியோ தயாராகிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் அறிவித்த ஐபோன் ஜூன் 29-ல்தான் விற்பனைக்கு வந்தது. இவ்வளவு முன்கூட்டி ஏன் சொன்னார் என்பதற்கு ஜாப்ஸ் மேடையிலேயே காரணம் சொன்னார்: அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் அனுமதி வாங்கவேண்டும், அவர்கள் அறிமுகப்படுத்துவதை விட நாங்களே அறிமுகப்படுத்திவிடலாம் என்று நினைத்தோம். சிரிப்புக்காகச் சொன்னாலும் முழு உண்மை. ரேடியோ அலை வீசும் எந்தக் கருவியும் அந்த ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அங்கே விற்கமுடியாது, ஒப்புதல் ஆவணங்களோ பொதுவில் வெளியாகும். கருவியின் புகைப்படங்களையும் கையேட்டையும் சில மாதம் மறைத்துவைக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆனால் சோதனை அறிக்கைகளும், அனுமதி எண் எங்கே ஒட்டப்படும் என்று காட்டும் வரைபடமும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். அந்த வரைபடத்தில் போனின் பின்பக்க வடிவம் இருக்கும், கேமரா எந்த மூலையில் என்று தெரியும். எந்தெந்த அலைவரிசை என்பது அறிக்கையில் இருக்கும். அங்கிருந்து எந்த நாட்டுச் சந்தைக்கு என்று கணக்குப் போடலாம்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் போன்களுக்குக் கட்டாயப் பதிவு. அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது, மாடல் எண்ணும் கம்பெனி பெயரும்தான். ஆனால் அந்த எண் அங்கே வந்துவிட்டால் போன் இந்தியாவுக்கு வருவது அநேகமாக உறுதி. ரஷ்யா, கஜகஸ்தான் முதலிய நாடுகளுக்கான யுரேசியப் பொருளாதார ஆணையத்தின் பதிவேட்டிலும் ஆப்பிளின் புது மாடல் எண்கள் அறிவிப்புக்கு முன்பே தலைகாட்டுவது வாடிக்கை. சங்கேதக் குறியாக்கம் உள்ள கருவிகளை அங்கே பதியவேண்டும் என்பது விதி.

சில சமயம் கம்பெனியே உளறிவிடும். 2017 ஜூலையில் ஆப்பிள், இன்னும் விற்பனைக்கே வராத ஹோம்பாட் ஸ்பீக்கரின் மென்பொருளைத் தவறுதலாக வெளியிட்டுவிட்டது. நிரலாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரு சின்ன ஐகான்: விளிம்பு வரை திரை, மேலே நடுவில் ஒரு வெட்டு. கூடவே முகத்தை அடையாளம் காணும் வசதிக்கான குறிப்புகள். செப்டம்பரில் அறிவித்த ஐபோன் எக்ஸ் அச்சு அசல் அதுதான். 2010-ல் இதைவிட மோசம். கலிஃபோர்னியாவில் ரெட்வுட் சிட்டியின் ஒரு மதுக்கடையில் ஐபோன் 4-இன் சோதனை மாதிரி தவறிப்போய், பழைய மாடல்போலத் தெரிய மாட்டியிருந்த உறையோடு கைமாறி, 5,000 டாலருக்கு கிஸ்மோடோ கைக்குப் போய்ச் சேர்ந்தது.

காப்புரிமைகளைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் போட்டுவைக்கும், மிகப் பெரும்பாலானவை கருவியாகவே மாறாது. பல சமயம் போட்டியாளரை அடைத்துவைக்கத்தான் அவை. காப்புரிமை கிடைத்தது, ஆகவே போன் வருகிறது என்று தலைப்புப் போடும் செய்திகளை நான் படிப்பதே இல்லை.

துப்புகள் நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தும் பொருள் வராமல் போவதும் உண்டு. ஆப்பிள் கார் நல்ல உதாரணம். ஆட்களை எடுத்தது உண்மை. கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டுநரில்லாக் காரைச் சோதிக்க 2017-ல் அனுமதி வாங்கியது உண்மை. பத்து வருஷம் போல ஓடிய திட்டத்தை 2024 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். ஆப்பிள் தானே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி செய்யப்போகிறது, அதோ வருகிறது, இதோ வருகிறது என்று பங்குச்சந்தை ஆய்வாளர் ஜீன் மன்ஸ்டர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அது வரவே இல்லை. ஆப்பிள் அதைப் பரிசீலித்துக் கைவிட்டுவிட்டதாக 2015-ல் செய்தி வந்தது. மேடையில் அறிவித்ததுகூட வராமல் போகலாம்: 2017-ல் காட்டிய ஏர்பவர் சார்ஜர் 2019 மார்ச்சில் ரத்து. சூடாவதைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்பது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். கம்பெனி சொன்னது, எங்கள் தரத்துக்கு வரவில்லை என்பது மட்டும்.

கசிவு யாரிடமிருந்து வருகிறது என்றும் கொஞ்சம் பார்க்கவேண்டும். போனுக்கு உறை செய்பவர்கள் நீள அகலத்தில் பொய் சொல்ல மாட்டார்கள், அச்சு வார்க்க முன்பணம் போடுவது அவர்கள்தான். உதிரிபாகம் தருபவர்களுக்குத் தன் பாகம் மட்டும் தெரியும்: திரைக்காரருக்குத் திரை, கேமராக்காரருக்குக் கேமரா. இன்று ஐபோன் ஸ்ரீபெரும்புதூரிலும் பொருத்தப்படுகிறது. அங்கே வேலை செய்பவருக்கும் தன் கையில் வரும் பாகம் தெரியுமே தவிர, அது எதற்கு என்று கூப்பர்டினோ நினைக்கிறது என்பது தெரியாது. கம்பெனியே வேண்டுமென்று விடுவதும் உண்டு. ஆப்பிளின் மார்க்கெட்டிங்கில் முன்பு வேலை பார்த்த ஜான் மார்ட்டெல்லாரோ, தேர்ந்தெடுத்த பத்திரிகையாளர் காதில் எழுத்து ஆதாரம் இல்லாமல் போனில் போட்டுவைக்கும் பழக்கம் அங்கே உண்டு என்று 2010 ஜனவரியில் எழுதினார். அந்த மாதம்தான் ஆப்பிளின் ஐபேட் டேப்லெட் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பெரிய பத்திரிகைகளே விலை 1,000 டாலர் பக்கம் இருக்கும் என்று எழுதியிருந்தன. மேடையில் 499 என்றதும் மலிவாகத் தெரிந்தது. அந்த 1,000 எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே விலை பற்றிய ஊகம்தான் எல்லாவற்றிலும் பலவீனமானது. அதைக் கடைசி வாரத்தில் முடிவுசெய்யலாம், எந்தப் பதிவேட்டிலும் எழுதவேண்டியதில்லை.

அப்புறம், இதெல்லாம் இருக்கட்டும், புது போன் வருகிறது என்கிறார்களே, வாங்காமல் காத்திருக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பிஐஎஸ் பட்டியலில் எண் வந்திருந்து, கடையில் அதற்கான உறையும் கண்ணில் பட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும், பொறுங்கள். வெறும் காப்புரிமைப் படமும் அழகான கணினி வரைபடமும் மட்டும் என்றால், கையில் இருக்கும் போன் உடைந்திருக்கும் பட்சத்தில் இன்றைக்கே போய் வேறு வாங்கிவிடுங்கள்.